தேறிவிட்டேனாம்

அன்புள்ள அக்கா,

நீ சேர்த்துவிட்ட மனநல ஆலோசகர் இப்போது யாரையும் நேரில் பார்ப்பதில்லை. வாரம் ஒருமுறை போனில் வீடியோதான். முன்பு அவர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன், அவர் காத்திருப்பார். நம் வீட்டில் இருப்பதோ ஒரே அறை. போனில் தன் முகம் தெரியாதபடி அம்மா எதிரே உட்கார்ந்து துணி மடிப்பாள்.

"தனியாத்தான் இருக்கியாம்மா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். அம்மா தலையாட்டுவாள்.

"ஆமா மேடம்."

"வாழவே வேண்டாம்னு இன்னும் தோணுதா?"

"இல்ல மேடம்."

இன்று, நான் தேறிவிட்டேன் என்று சொல்லி முடித்துக்கொண்டார். "வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடும்னு இருந்தவ, எப்படிப் பேசினா தெரியுமா!" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதற்குள் இதை எழுதுகிறேன்.

பதில் போடாதே அக்கா. உன் கடிதத்தை அம்மாதான் முதலில் பிரிப்பாள்.

உன் ஊமைச்சி