சாமித்தட்டில் ஒரு மைக்கல்

ஏப்ரல் 4, 2009, சனி

டென்மார்க்கில், அதுவும் ஹொல்ஸ்டெப்ரோவில், சனிக்கிழமை செய்யக்கூடிய ஒரே சாகசம் பழைய சாமான் கடைக்குப் போவது. டேனிஷ்காரர்கள் செத்துப்போன தாத்தாவை மட்டுந்தான் அங்கே கொடுப்பதில்லை. அவருடைய மிச்சம் எல்லாம் இருக்கும். இன்றைக்கு ஒரு கறுப்புக் கல் வாங்கினேன். நடுவில் வழவழப்பு, ஓரத்தில் சின்னக் குழி, சுற்றிவர மேகம், மேகத்துக்குள் ஒரு பிராணி. கடைக்காரி சவர்க்காரத் தட்டு என்றாள்.

அம்மா கண்டதும் பறித்துக்கொண்டார். "சந்தனக்கல்லடி. இஞ்ச எங்க இதைக் கண்டனி?"

கல் சாமித்தட்டுக்கு, படங்களுக்கு முன்னால் போய்விட்டது.

ஏப்ரல் 7

நூலகத்தில் தேடினேன். சவர்க்காரமும் இல்லை, சந்தனமும் இல்லை. சீனாவில் மைக்கட்டியைத் தண்ணீர் விட்டு உரைத்து எழுதுகிற கல். மைக்கல் என்று பேர் வைத்தேன். கல்லில் இயற்கையாகவே வெளிறிய பொட்டு இருந்தால், செதுக்குகிறவர் அதை வீணாக்காமல் நிலவாக்கிவிடுவாராம். எங்கள் பிராணியின் வாய்க்கு முன்னாலும் ஒரு பொட்டு! படித்தவர்கள் கல்லின் அடியில் கவிதை வெட்டி வைப்பார்களாம். எங்கள் வகுப்புப் பையன்கள் மேசையில் வெட்டுவதை இங்கே எழுத முடியாது.

"மைக்கல் சுகமா இருக்கிறானோ?" என்று அம்மாவைக் கேட்டேன். யாரடி அவன் என்று பெரிய விசாரணை.

கல்லைப் பற்றிய உண்மையைச் சொல்லவில்லை. வன்னிக்குள் இருக்கிற கிருஷாந்த் மாமாவிடமிருந்து சனவரிக்குப் பிறகு போன் இல்லை. அம்மா வேலைக்குப் போக முன் தம்பிக்காக நேர்ந்து சந்தனம் அரைக்கிறார். சந்தனத்தைக் கண்டால் ஷெல் திரும்பிப் போகுமாக்கும்.

எழுதிவிட்டு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த வரியை வெட்டவில்லை.

மே 8, வெள்ளி

பாலேந்திரா அங்கிள் வந்தார். கோயில் கமிற்றி. மீசையைக்கூடத் தீர்மானம் நிறைவேற்றித்தான் வெட்டுவார். கல்லைத் தூக்கி வைத்துப் பாடம் எடுத்தார்: பிராணி யாளியாம், இப்படிச் செதுக்க உலகத்தில் எங்கள் ஆட்களை விட்டால் ஆளில்லையாம். எந்த நூற்றாண்டு அங்கிள், எந்தக் கோயில் அங்கிள் என்று பணிவாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். பிறகு கல்லைப் புரட்டிக் காட்டினேன். அடியில் சீன எழுத்து.

என் வாழ்க்கையின் மிக அழகான நிமிடம். ஒரு நிமிடந்தான்.

"சீனாக்காரன் குடுத்த ஆயுதத்தாலதான் அங்க எங்கட சனம் சாகுது. அவன்ர கல்லை சாமிக்கு முன்னால வைச்சிருக்கிறியளோ? எறியுங்கோ."

அவர் வாசலில் கழற்றி வைத்த சப்பாத்து எந்த நாட்டில் செய்ததென்று கேட்க வாய்வரை வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்து விழுங்கினேன்.

அம்மா கல்லைத் திருப்பி வாங்கினார். "அண்ணை, இதில அரைக்கேக்க எல்லாம் தம்பியின்ர பேரைத்தான் சொன்னனான். இதை எறிஞ்சா அவனை எறிஞ்ச மாதிரி."

அங்கிள் தேத்தண்ணி குடிக்காமல் போனார்.

மே 18

டேனிஷ் செய்தியில் போர் முடிந்ததாம். அடுத்தது காலநிலை.

மே 19

உங்கள் நாட்டில் சமாதானம், சந்தோஷமா என்று வகுப்பாசிரியை கேட்டார். ஓம், நாளைக்கு எல்லாருக்கும் கேக் கொண்டுவருகிறேன் என்றேன். நம்பிவிட்டார்.

ஜூன் 6

அகதி முகாமுக்குள்ள இருந்து ஆரோ போன் எடுத்தவை. மாமா இல்லையாம். மார்ச்சிலயே இல்லையாம். நான் கல் வாங்க முன்னமே. அப்ப அம்மா அரைச்சதெல்லாம் — ஆருக்கு?

பின்னேரம் பாலேந்திரா அங்கிள் சோறு, கறியோட வந்தார். நான் சட்டியை வாங்கி வைச்சன்.

ஜூன் 11

துடக்கு, செத்தவீட்டுத் தீட்டு. முப்பத்தொரு நாளும் சாமித்தட்டைத் தொடக்கூடாது, திரை போட்டாயிற்று. திரும்ப நூலகத்துக்குப் போனேன். எழுதாத நாட்களிலும் குழியில் நல்ல தண்ணீர் விட்டுத் தினமும் மாற்ற வேண்டுமாம், கல் காய்ந்துபோகாமல். துடக்குச் சாமிக்குத்தானே, சீனாக்காரனுக்கு என்ன? திரைக்குள் கைவிட்டு எடுத்தேன். சந்தனத்தைக் கழுவி, குழியில் தண்ணீர் விட்டு, என் ஜன்னலில் வைத்தேன்.

அம்மா கண்டார். ஏச்சு விழும் என்று பதில்கூடத் தயார். ஏசவில்லை; தண்ணீர் எதற்கு என்று மட்டும் கேட்டார், சொன்னேன்.

ஜூன் 15

வேலைக்கு வெளிக்கிட்ட அம்மா என் அறை வாசலில் நின்றார்.

"தண்ணி மாத்தினனியே?"

ஓம் என்றேன். அவர் போனபிறகு எழும்பி மாற்றினேன்.