கருப்பு ஜன்னல் வைத்த ரயில்

என் ஜீப்புக்கார அப்பாவுக்கு,

முதல் விஷயம். ரயில் இருந்தது. நான் கனவு காணவில்லை, கதை கட்டவில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பொம்மையை என்னுடையது என்று நினைத்துக்கொள்ளவும் இல்லை. இந்தக் கடிதத்தை பழைய பொம்மை சேர்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குரூப்பிலேயே போடுகிறேன். அப்படி ஒரு ரயிலே கிடையாது என்று சொன்னவர்கள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள். நல்லா உட்கார்ந்து படிக்கட்டும்.

உனக்கு ஊர்ச் செய்தி சொல்ல வேண்டும். போடிக்கு மறுபடியும் ரயில் வந்துவிட்டது அப்பா! அகலப் பாதை, பெரிய பெட்டி, ஹாரன் அடித்தால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். நீ இருந்தபோது சின்ன ரயிலை நிறுத்திவிட்டுத் தண்டவாளத்தைப் பிடுங்கினார்களே, "சட்டுனு வந்துரும்"னு சொல்லிக்கிட்டே? அது வருவதற்குள் எனக்குப் பள்ளிக்கூடமே முடியப்போகிற வயசாகிவிட்டது. ரயில் இல்லாத ஊரில் ரயில் பைத்தியமாக வளர்ந்தவள் நான். எந்த இன்ஜின், என்ன பெட்டி, ஹாரன் சத்தத்தில் என்ன வித்தியாசம் என்று வீடியோ பார்த்துப் பார்த்து நானாகவே கற்றுக்கொண்டேன்.

ஆனால் ஆரம்பித்து வைத்தது நீ. கடைசிச் சின்ன ரயில் போன நாள் நான் ஸ்டேஷனில் தரையில் புரண்டு அழுதேனாம். கேரளா எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக தினமும் மேலே போவாயே, அப்படிப் போய்விட்டு அந்த வாரமே கையில் ஒரு பொம்மை ரயிலோடு இறங்கி வந்தாய். "பெரிய ரயில் வர்ற வரைக்கும் நீ இத ஓட்டு ஆத்தா." அந்தக் குரல் மட்டும் அப்படியே என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு காமாலை வந்தது. நீ போனாய். நாங்கள் வீட்டைக் காலி பண்ணி மாமா வீட்டு மாடிக்கு வந்தபோது ரயிலும் எங்கோ போய்விட்டது.

முழுசாக ஞாபகம் இல்லை, பாதிதான். மஞ்சள் இன்ஜின். பச்சைப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு வெள்ளைக் கட்டம், அதற்குள் சிவப்பில் ஒரு சுருள் கோலம். அதில் ஒன்று மல்லாந்து கிடக்கிற நத்தை மாதிரி இருக்கும். கோலத்துக்குப் பக்கத்தில் முட்டை வடிவில் கருப்பாக ஒரு ஜன்னல். ஒரு பெட்டியில் நேராக இருக்கும், ஒரு பெட்டியில் சாய்ந்து இருக்கும்.

இதையெல்லாம் ஃபோனில் வரைந்து குரூப்பில் போட்டேன். யாருக்காவது தெரியுமா? இது எந்த ரயில்? பூப்போட்ட ரயில்களாகத் தேடித் தேடிப் போட்டார்கள். ஒன்றும் அது இல்லை. கடைசியில், எல்லாரும் 'சார்' என்று கூப்பிடுகிற ஒருத்தர் வந்தார். அலமாரி அலமாரியாகப் பொம்மை வைத்திருப்பவர். "தங்கச்சி, சின்ன வயசு ஞாபகம் ஒண்ணோட ஒண்ணு கலந்துரும். இப்படி ஒரு மாடலே வரல" என்று எழுதினார். அதற்கு எத்தனை பேர் கை தூக்கினார்கள் தெரியுமா?

"மாடல் இல்லைன்னு சொல்லுங்க சார். ரயில் இல்லைன்னு சொல்லாதீங்க" என்று நானும் பதில் போட்டேன். விடுவேனா?

குரூப்பில் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மாமா சொல்வதைத்தான் பொறுக்க முடியவில்லை. அம்மாவுக்கு ஏலக்காய் மண்டியில் காய் பிரிக்கிற வேலை வாங்கித் தந்ததும் அவர்தான், என்னைப் படிக்க வைத்ததும் அவர்தான். அதை என்றைக்கும் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதற்கெடுத்தாலும் உன்னை இழுப்பார். "ஒங்கப்பன் ஒனக்கு என்னத்தக் கொண்டாந்தான்? மலைக்குப் போவான், வருவான். ஒரு மிட்டாய் வாங்கிக் குடுத்த கையா அது?" அம்மா தலையைக் குனிந்துகொள்ளும். ரயிலைப் பற்றிக் கேட்டால், "என்னமோ ஒண்ணு கெடந்துச்சுடி. ரயிலோ, லாரியோ" என்று எழுந்து போய்விடும்.

நீ எனக்கு என்று கொண்டுவந்ததாக நான் சொல்ல, அந்த ஒரு ரயில்தான் அப்பா. அதுவும் இல்லை என்றால் மாமா சொல்வதுதான் உண்மை என்று ஆகிவிடும். ஆக விடலாமா?

அப்போதுதான் ஜின்சி வந்தாள். மலைக்கு மேலே கேரளத்துக் கட்டப்பனைக்காரி, குரூப்பில் என் கூட்டாளி, நேரில் பார்த்ததே இல்லை. ஒருநாள் மத்தியானம் அவளிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்குகிறது.

"எடீ! நான் கட்டில்ல தலைய தொங்கப் போட்டுக் கெடந்து உன் படம் பாத்தேன். உன் நத்தை எழுந்து நிக்குதெடீ! அது நத்தையில்ல, ஞங்கட 'இ' ஆணு! ஃபோனைத் தலகீழா பிடிச்சு நோக்கெடீ!"

தலைகீழாகப் பிடித்தேன். அ, ஆ, இ, ஈ. அத்தனையும் மலையாள எழுத்து! கோலமும் இல்லை, பூவும் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு மலையாளம் சொல்லிக்கொடுக்கிற ரயில். ஜின்சியின் தங்கச்சியிடமும் அதே ரயில் இருந்ததாம், பழைய போட்டோ அனுப்பினாள். அதே மஞ்சள் இன்ஜின், அதே பச்சைப் பெட்டி. எழுத்து மட்டும் நேராக இருந்தது. ஸ்டிக்கர் ஷீட் தனியாக வரும், வாங்கினவர்கள்தான் ஒட்ட வேண்டும் என்றாள்.

அப்பா, நீ மலையாளம் பேசினால் மலையாளிகளே ஏமாந்துபோவார்கள் என்று உன் ஜீப் ஸ்டாண்டில் இன்றைக்கும் சொல்கிறார்கள். படிக்க மட்டும் ஒரு எழுத்து தெரியாது. ஷீட்டையே தலைகீழாகப் பிடித்திருக்கிறாய், அவ்வளவுதான் விஷயம்!

நான் குதித்த குதியில் மாடி அதிர்ந்தது. சார் விடவில்லை. "அந்த போட்டோல கருப்பு ஜன்னல் எங்கம்மா? இது வேற ரயில்." போட்டோவைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தேன், கருப்பு எங்கேயும் இல்லை.

பரவாயில்லை என்று ஃபோனைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தது. படத்தையும் போட்டோவையும் காட்டி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். மாமா ஃபோனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"மலையாள எழுத்தா? அப்ப ஒனக்கு வாங்குனதே இல்ல. மேல எந்த மொதலாளி வீட்டுப் புள்ளையோ வெளாண்டுட்டுத் தூக்கிப் போட்டிருக்கும். ஒங்கப்பன் பொறுக்கிட்டு வந்திருக்கான்."

"மலையாளி வீட்டுல எழுத்தத் தலைகீழாவா மாமா ஒட்டுவாங்க?"

"ஏன், அது சின்னப்புள்ளதான? அதுவே ஒட்டிருக்கும். இதுக்குப் போயி ஆடுற! போயி சோலியப் பாரு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அவர் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அம்மா குழம்புக் கரண்டியோடு மாமாவின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. ஃபோனில் எதைக் காட்டினாலும் "எனக்கு என்ன தெரியும்" என்று தள்ளிவிடுகிற அம்மா, குனிந்து என் படத்தையே பார்த்தது.

"இது என்னடி கருப்பா?"

"ஜன்னலும்மா. அதுதான் யாருக்குமே தெரியல."

"ஜன்னலா?" அம்மாவின் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அது ஒங்கப்பா கட்டவெரலுடி."

மாமா கை சோற்றிலேயே நின்றது.

"அன்னிக்கு வழியில ஜீப்பு மக்கர் பண்ணி, கையெல்லாம் கிரீஸோட வந்தாரு. கடையில வாங்குன புதுப் பொட்டிய இவதான் பிரிச்சா. கையக் கழுவிட்டு ஒட்டுங்கன்னேன். புள்ள தூங்கிரும், வெரசா ஒட்டணும்னாரு. ஒவ்வொண்ணா அமுக்கி அமுக்கி ஒட்டுனாரு. எல்லாத்துலயும் ரேகை. நான் தொடச்சுப் பாத்தேன், போகவே இல்ல."

அம்மா இவ்வளவு நீளமாக உன்னைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை அப்பா. இத்தனை வருடமும் அதை எங்கே வைத்திருந்தது? யாருக்குப் பயந்து?

மாமா மறுபடி சோற்றைப் பிசைந்தார். அப்புறம், "படிக்கத் தெரியாத பய, தலைகீழா ஒட்டி வச்சிருக்கான்" என்றார்.

"யாரு மாமா ஒட்டுனது?"

"அதான், ஒங்கப்பன்" என்றவர், பாதியில் நிறுத்தினார். அம்மாவைப் பார்த்தார். "ஏத்தா, கொழம்ப ஊத்து."

போதும். ஒட்டினது நீதான் என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. இனி இந்த வீட்டில் "என்னத்தக் கொண்டாந்தான்" என்கிற கேள்வி கிடையாது. கேட்டால் பதில் என் ஃபோனில் இருக்கிறது, அதைவிட அம்மா வாயில் இருக்கிறது.

சார், நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஜன்னல் எந்தக் கம்பெனி மாடலிலும் வராது. அது எங்கள் வீட்டில் போட்டது.

இன்னும் ஒரு செய்தி இருக்கிறது. ஜின்சியின் அத்தை கட்டப்பனையில் ஸ்டேஷனரிக் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடைப் பரணில் விற்காமல் அட்டைப்பெட்டியோடு கிடந்த அதே ரயில் ஒன்றை ஜின்சி தேடி எடுத்துவிட்டாள். நேற்று அது போடிமெட்டு இறங்கி வந்தது, ஜீப்பில்தான். வேறு எதில் வரும்? டிரைவர் அண்ணன் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, "தம்பிக்குப் பொம்மையா பாப்பா?" என்று கேட்டார். "இல்லண்ணே, எனக்குத்தான்" என்றேன்.

பிரித்தேன். மஞ்சள் இன்ஜின், பச்சைப் பெட்டி. ஸ்டிக்கர் ஷீட் கிழிபடாமல் அப்படியே இருக்கிறது. படத்தைக் குரூப்பில் போட்டதும் சார் பதறிவிட்டார். "ஒட்டிராதீங்க தங்கச்சி! ஒட்டாம இருந்தாத்தான் மதிப்பு." அவருக்கு மதிப்பு. எனக்கு?

ஜின்சி ஒரு படி மேலே போய், எந்தப் பெட்டிக்கு எந்த எழுத்து, எது மேல் பக்கம் என்று அம்புக்குறி போட்டு அனுப்பியிருக்கிறாள். பாவம், நல்ல பிள்ளை.

நான் தலைகீழாகத்தான் ஒட்டப் போகிறேன் அப்பா. அ முதல் கடைசிப் பெட்டி வரைக்கும், ஒன்றுகூட நேராக நிற்காது. உன் ஸ்டாண்டில் கேட்டு ஒரு டப்பாவில் கிரீஸ் வாங்கி வைத்திருக்கிறேன். கையைக் கழுவ மாட்டேன். ஒவ்வொரு பெட்டியிலும் அமுக்கி ஒரு ஜன்னல் வைப்பேன். என் கட்டைவிரலில் உன் ரேகை கொஞ்சமாவது இருக்காதா?

ஒட்டி முடித்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போடி ஸ்டேஷனுக்குப் போவேன். பெரிய ரயில் வந்துவிட்டது இல்லையா? அதில் ஏறி, நம் ரயிலை மடியில் வைத்துக்கொண்டு மதுரை வரைக்கும் போய் வருவோம். யாராவது எட்டிப் பார்த்து, "எழுத்து தலைகீழா இருக்கே பாப்பா" என்று சொன்னால், சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்வேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
நீ வைத்த கருப்பு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்
உன் மக.