செல்லாத பதினேழு சீட்டுகள்

கெர்வியான்,
மார்ச் 17

அன்புள்ள மாலோவுக்கு,

கப்பல் டக்கார் துறைமுகத்துக்கு வரும்போது இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைக்கும் என்று கம்பெனியில் சொன்னார்கள். நானும் குழந்தை எனோராவும் நலம். ஃபோனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

ஊர் மன்றத் தேர்தலில் தோற்றுவிட்டோம். ஒன்பது ஓட்டில். மேயர் தரப்பு வேட்பாளர் பட்டியலுக்கு 231, எங்கள் 'ஓடையும் கரையும்' கட்சிக்கு 222. செல்லாத சீட்டு பதினேழு. அதில் பதினான்கு எங்களுடையவை.

போன தேர்தல் வரை நம்மைப் போன்ற சின்ன ஊர்களில் பட்டியலில் பிடிக்காத பெயரை மட்டும் அடித்துவிட்டு மற்றவர்களுக்கு ஓட்டுப் போடலாம். இந்த முறை சட்டம் மாறிவிட்டது. ஒரு பெயரை அடித்தாலும் சீட்டே செல்லாது. இதைத் துண்டறிக்கையில் கொட்டை எழுத்தில் போடுவோம் என்று நான் மூன்று கூட்டத்தில் சொன்னேன். தலைவி சோவாசிக் கேட்கவில்லை. "நாப்பது வருஷமா ஓட்டுப் போடுறவங்களுக்கு நாம பாடம் எடுக்கணுமாடி? கோவிச்சுக்குவாங்க" என்றாள். அந்த இடத்தில் ஒரு நாரைப் படம் போட்டார்கள். அழகான நாரைதான்.

எண்ணும்போது மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஒரு சீட்டில் சோவாசிக் பெயரை அடித்துப் பக்கத்தில் 'வாயாடி' என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் சிப்பி வளர்க்கும் யூஎன்னின் பெயரை அடித்திருந்தது, அவன் நாய் ராத்திரி குரைக்கிறதாம். கூடமே சிரித்தது. மேயர் என்னிடம் வந்து, "எங்களுக்கு வேலையே வைக்கலியேம்மா, உங்க ஆளுங்களே உங்களை வெட்டிட்டாங்க" என்றார். அப்போதுதான் அடுத்தடுத்து இரண்டு சீட்டு வந்தன. இரண்டிலும் என் பெயர்மேல் பட்டையான சிவப்புக் கோடு. தச்சுப் பென்சில். இந்த ஊரில் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறவர் உன் அப்பா ஒருவர்தான்.

மாமா மறைக்கவில்லை. சூப் குடித்துக்கொண்டே சொன்னார்: "ஆமா, நான்தான் அடிச்சேன். என் சீட்டுலயும், கப்பலுக்குப் போகும்போது எனக்குப் பதிலா நீங்க போடுங்கன்னு அவன் எங்கிட்ட விட்டுட்டுப்போன ஓட்டுலயும். கட்சி ஜெயிக்கட்டும்னுதான் போட்டேன். நீ மட்டும் வேணாம். சின்னக் குழந்தைய வச்சிக்கிட்டு வாரம் மூணு மீட்டிங் போவியா?" சீட்டே செல்லாது என்று சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "அதை எவனும் சொல்லலியே" என்றார். பாவமாகத்தான் இருந்தது. எனக்கு அழவும் வரவில்லை.

ஏப்ரலில் மேயரின் மச்சான் கேட்கிற புதிய பன்றிக்கொட்டகைக்கு மன்றம் கருத்துச் சொல்ல வேண்டும். ஓடைக்கு மேலே மூவாயிரம் பன்றி. இப்போதிருக்கிற கொட்டகைகளின் கழிவே ஓடையில் இறங்கி, குடாவில் பச்சைப் பாசியாகக் கிடந்து அழுகுவது உனக்குத் தெரியும். போன ஜூலையில் அந்த நாற்றத்தில் எனோரா வாந்தி எடுத்து மூச்சுக்குத் திணறினாள். இனிமேல் அங்கே தூக்கிப் போகாதீர்கள் என்றார் டாக்டர். ஜெயித்த பட்டியலுக்கு முதலிலேயே பாதி இடம் போய், மிச்சத்தைத்தான் பங்கு போடுகிறார்கள் என்பதால் பதினைந்தில் எங்களுக்கு மூன்று இடம்தான்; பட்டியலில் நான் ஐந்தாவது, எனக்கு இடமில்லை. மூன்று பேர் கை தூக்குவார்கள், பன்னிரண்டு பேர் கொட்டகைக்குச் சரி சொல்லிவிட்டு மது குடிக்கப் போவார்கள். சோவாசிக்கோ அடுத்த தேர்தலுக்கு இன்னொரு பறவை தேடுகிறாள்.

ஒன்றைக் கேட்கத்தான் இவ்வளவும். மாமா எழுந்து போகும்போது, "அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் அவன் சீட்டுல அடிச்சேன்" என்றார். உண்மையா மாலோ? நீ சரி என்று சொன்னாயா, அல்லது எஞ்சின் இரைச்சலில் சரியாகக் கேட்காமலே ஃபோனில் ஏதோ 'உம்' கொட்டினாயா? எதுவானாலும் எழுது. குழந்தைக்காகத்தான் என்று மட்டும் எழுதாதே. குழந்தைக்காகத்தான் நான் அந்தப் பட்டியலில் பெயர் கொடுத்தேன்.

சாப்பாட்டைத் தவறவிடாதே. எஞ்சின் அறையில் காதடைப்பான் போட்டுக்கொள். எந்தக் காற்றிலும் உனக்கு ஒன்றும் ஆகக்கூடாது. மே மாதம் வந்ததும் மணலில் விளையாடலாம் என்று எனோராவிடம் ஃபோனில் சொல்லியிருக்கிறாய், அவள் வாளியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். எந்த மணலில் என்று நீயே வந்து அவளிடம் சொல்.

உன்,
நோல்வென்