உன் அட்டியலை உருக்கிய நாள்

நேற்றுக் கட்டியிருந்த சேலையை இன்னும் துவைக்கப் போடவில்லை. முந்தானையில் பட்டறைப் புகையும் திராவக வாடையும் அப்படியே இருக்கின்றன. உன் அட்டியலை நேற்று உருக்கிவிட்டார்கள். காரைக்குடியில், உனக்குப் பழக்கமான அதே ஆசாரியின் பட்டறையில். உன் பெண்கள் மூவரும் இருந்தார்கள். நானும் இருந்தேன். இதை உனக்குச் சொல்ல என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

நாம் இருவரும் சிவகங்கை ஆபீசுக்கு ஒரே பஸ்ஸில் போய் வந்த காலத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. அப்பா இறந்து வருடம் திரும்பவில்லை. ஒரு மெல்லிய சங்கிலியைத் தவிர எங்கள் வீட்டில் நகை எதுவும் இல்லை என்று உன்னிடம் நான் சொன்னதில்லை. நீயாகவே புரிந்துகொண்டாய். கல்யாணத்தன்று காலையில் கோட்டையூரிலிருந்து முதல் டவுன் பஸ்ஸில் வந்து, மணப்பெண் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாய். உன் அம்மாவுக்கு அவருடைய அத்தா, உன் தாத்தா, ரங்கூனிலிருந்து கொண்டுவந்த சிவப்புக்கல் அட்டியல், கைக்குட்டையில் சுற்றி உன் பைக்குள் இருந்தது.

என் அம்மா பதறிப்போனார். "வேணாம்மா. எரவ நகையப் போட்டுக்கிட்டு மணையில உக்காரக் கூடாது."

"என்னம்மா இப்புடிச் சொல்றீக? எரவலா இது? எங்கூடப் பொறந்தவ போட்டுக்கிறா," என்றாய். பிறகு என் பக்கம் திரும்பி, "குனிடி."

கழுத்துக்குப் பின்னால் கயிற்றை நீ முடிந்தாய். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்ட எனக்கு, எதிரே யாரோ வசதியான வீட்டுப் பெண் நிற்பது போலிருந்தது. திருப்பிக் கொடுக்க உன் வீட்டுக்கு வந்தபோது உன் அம்மா அதை வாங்கிக்கொண்டு, "நல்ல கழுத்துக்குத்தான் போயிட்டு வந்திருக்கு," என்றார். அந்தப் பேச்சில் என் கூச்சமெல்லாம் போய்விட்டது.

பிறகு உன் பெண்களின் நிக்காஹ் ஒவ்வொன்றிலும் என்னைத்தான் கூப்பிட்டுக் கயிற்றை முடியச் சொன்னாய். "ஒங்கையால கட்டு, நல்லா இருப்பாளுக." அப்படியே நல்லாத்தான் இருந்தார்கள்.

நோய் முற்றிய பிறகு ஒரு மத்தியானம் நானே கேட்டேன். அட்டியல் யாருக்கு என்று சொல்லிவிடு என்றேன்.

"ஒருத்திக்குன்னு சொன்னா மத்தவளுக மனசு நோகும். செத்த பெறகும் எம்மேல வருத்தமா இருப்பாளுகடி. நான் சொல்ல மாட்டேன்." சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். வலியில் இருப்பவளை எப்படி வற்புறுத்துவது?

உன் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த வீட்டிலேயே பேச்சு ஆரம்பித்தது. மூத்தவளுக்குத்தான் முறை என்றாள் பெரியவள். கடைசி வரைக்கும் அம்மாவைப் பார்த்துக்கொண்டவள் நான் என்றாள் நடுவுள்ளவள். எனக்குத் தருவதாக அம்மா சொல்லியிருக்கிறாள் என்றாள் சின்னவள். அதற்குப் பிறகு பெருநாளுக்குக்கூட ஒருத்தி வாசலை ஒருத்தி மிதிக்கவில்லை.

போன வாரம் பெரியவள் என் வீட்டுக்கு வந்தாள். "அழிச்சு ஆளுக்கு ரெண்டு வளையலாப் பண்ணிரலாம்னு இருக்கோம். நீங்களும் கூட வாரீகளா சின்னம்மா?"

"ஒருத்தி மாத்தி ஒருத்தி வச்சுக்கிட்டா என்ன?"

"அதையும் பண்ணிப் பாத்தாச்சு. கைமாத்துற அன்னிக்குத்தான் பெரிய சண்டையே. அது முழுசா இருக்குற வரைக்கும் நாங்க அக்கா தங்கச்சியா இருக்க முடியாது சின்னம்மா."

அதற்கு மேல் பேச எனக்கு என்ன பாத்தியதை? ஒரு நாள் போட்டுக்கொண்டவள் நான்.

பட்டறையில் மூவரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். ஆசாரி அட்டியலைக் கையில் வாங்கி, "உருக்கிட்டா திரும்பாது. யாருக்கும் சங்கடம் இல்லையே?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

என்னை அறியாமல் எழுந்து அதை வாங்கினேன். பெரியவள் கழுத்தில் கட்டினேன். அவிழ்த்து நடுவுள்ளவளுக்கு. பிறகு சின்னவளுக்கு. சுவரில் இருந்த ரசம்போன கண்ணாடியில் சின்னவள் தன்னைப் பார்த்தாள். "அக்கா, அம்மா மாதிரியே இருக்கேன்ல?" என்று பெரியவளிடம் கேட்டவள், கேட்டு முடிக்குமுன் உடைந்து அழுதாள். பெரியவள் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். நடுவுள்ளவளும் வந்தாள்.

வேண்டாம் என்று இப்போது ஒருத்தியாவது சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சின்னவள் தானே கயிற்றை அவிழ்த்து ஆசாரியிடம் நீட்டினாள். அவர் கற்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். தங்கம் நெருப்பில் இளகிச் சின்ன உருண்டையாகத் திரண்டது. அவ்வளவுதான். அத்தனை பெரிய அட்டியல்.

மூவரும் ஒரே ஆட்டோவில் போனார்கள். இன்று காலையில் நடுவுள்ளவள் போன் செய்தாள். "நேத்து அக்கா வீட்டுலதான் எல்லாரும் சாப்புட்டோம் சின்னம்மா. ஒங்களையும் இழுத்துட்டுப் போயிருக்கணும்." அவள் சிரிப்பு அசல் உன்னுடையது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. போனை வைத்த பிறகு வெகுநேரம் அழுதேன்.

உன் பிள்ளைகள் ஒன்றாகிவிட்டார்கள். இதைவிட நீ என்ன கேட்டிருப்பாய் என்று ஒரு மனம் சொல்கிறது. பக்கத்தில் நின்றுகொண்டு எப்படிடி பார்த்தாய் என்று நீ கேட்பது போலவும் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் நீ வாய் திறக்குமுன் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரிந்துவிடும். இந்த ஒன்றில் மட்டும் உன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தெரியவில்லை. இனித் தெரியப்போவதும் இல்லை. அதை வைத்துக்கொண்டுதான் மிச்ச நாளும் இருக்க வேண்டும்.