அட்டை எடுக்க எழுந்தவர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தானும் அப்பாவும் இங்கே சுகம். 'அப்பாவும்' என்பதை வழக்கத்துக்காகச் சேர்க்கவில்லை, உண்மையாகவே எழுதுகிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்பாய். இந்த வீட்டில் ஃபோன் பேசினால் கூடத்தில் இருக்கிறவருக்கு ஒரு வார்த்தை தப்பாது. மெசேஜில் எழுதினால் முதல் வரியைப் படித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய், உன்னைத் தெரியாதா எனக்கு! அடுத்த மாதம் வந்து அப்பாவை மறதி நோய்க்காரர்களைப் பார்த்துக்கொள்கிற அந்த இல்லத்தில் சேர்ப்பதாக இருக்கிறாயே, அதற்கு முன்னால் நீ இதை முழுக்கப் படித்தே ஆகவேண்டும்.

எல்லாம் ஆரம்பித்தது அவர் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க உட்கார்ந்த அன்றுதான். கணினியில் பெயர், முகவரி எல்லாம் நிரப்பிவிட்டேன் என்பார். நான் போய்ப் பார்த்தால் பக்கம் காலியாக இருக்கும். "எங்கப்பா நிரப்பினீங்க, ஒண்ணுமே இல்லையே" என்பேன். "இப்பதானேம்மா போட்டேன்" என்று திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இப்படி ஒரு நாளா, இரண்டு நாளா? பிறகு அவருக்கே தன்மேல் நம்பிக்கை போய்விட்டது. அடுப்பை அணைத்தேனா என்று என்னைக் கேட்பார். கதவைப் பூட்டிவிட்டு மறுபடி மறுபடி இழுத்துப் பார்ப்பார். சரியான தூக்கமும் இல்லை. வாழ்நாளெல்லாம் பேருந்து ஓட்டிய மனிதர், பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்குப் போகக்கூடத் துணைக்கு வா என்றார். நீ சொன்னபடி கார் சாவியைக் கேட்டேன். "வச்சுக்கோம்மா, அதுதான் நல்லது" என்று எடுத்துக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனி என் ஆபீஸ் கதைக்கு வருகிறேன். கொட்டாவி விடாதே, இதில்தான் விஷயமே இருக்கிறது.

எங்கள் பிரிவு அரசாங்க இணையதளங்களைக் கவனித்துக்கொள்வது. உரிமம் புதுப்பிக்கிற தளம் எங்களுடையதுதான். அதன்மேல் புகார் வந்து குவியவே, பொதுமக்களை வைத்துச் சோதித்துப் பார்க்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. திட்டம் போடுகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. விருப்பப்பட்டு வருகிறவர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடியே தளத்தைப் பயன்படுத்த வேண்டும், வீடியோ அழைப்பில் அவர்களையும் அவர்கள் திரையில் நடப்பதையும் இங்கே நாங்கள் பார்க்க வேண்டும், எங்கே முழிக்கிறார்கள், எங்கே திட்டுகிறார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அசல் தளத்தில் இல்லை, அதன் நகலில். முடிந்ததும் அவர்கள் கொடுத்த விவரம் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? ஆள் பிடிக்கப் போனபோதுதான் தெரிந்தது. தளத்திலேயே அறிவிப்புப் போட்டேன், கணினியே கதியாகக் கிடக்கிறவர்கள் மட்டும் வந்தார்கள். அவர்களுக்கு எந்தத் தளத்தைக் கொடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு தட்டிவிடுவார்கள், நமக்கு என்ன பிரயோஜனம்? நூலகம், பேருந்து நிலையம், மருத்துவமனை வாசல் என்று நோட்டீஸ் ஒட்டினேன். ஒரு ரொட்டிக்கடைக்காரர் பெயர் கொடுத்தார். நான் அழைத்த மூன்று முறையும் ஃபோனை வைத்துவிட்டார். நான்காவது முறை, "அரசாங்கம் எனக்கு ஃபோன் பண்ணி தயவுசெஞ்சு உதவி பண்ணுங்கன்னு கேக்குதா? யார்கிட்ட காது குத்துற?" என்றார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஆபீஸ் பொது எண்ணைக் கொடுத்து நீங்களே அழைத்து விசாரித்துக்கொள்ளுங்கள் என்ற பிறகுதான் நம்பினார். ஒருவழியாகப் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள்.

எங்கள் மேலாளர் இருக்கிறாரே, அவருக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் 'அவசரம்'. மாதிரி உரிமத்தின் எண்ணையும் ஒரு புகைப்படத்தையும் எல்லாருக்கும் முன்கூட்டியே அனுப்பிவிடு, பார்த்துப் பார்த்துத் தட்டிவிட்டுப் போகட்டும், சீக்கிரம் முடியும் என்றார். எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. பாதி நிரப்பியதும் தளம் பழைய உரிம அட்டையில் உள்ள எண்ணைக் கேட்கும். அவர் எழுந்து போவார், மூக்குக்கண்ணாடியைத் தேடுவார், அலமாரியைத் திறப்பார், அட்டை அங்கே இருக்காது, பழைய சட்டைப் பையில் இருக்கும். வீட்டில் யார் சார் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டேன். அதெல்லாம் வெட்டி வேலை என்றார். எனக்கும் கோபம் வந்துவிட்டது. எண்ணைக் கையில் கொடுத்துத் தட்டச் சொல்வதானால் நாமே தட்டிக்கொள்ளலாமே, பொதுமக்கள் எதற்கு என்று கேட்டுவிட்டேன். அவரவர் அட்டையை அவரவரே தேடி எடுக்கட்டும் என்று நான் பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில், "என்னமோ பண்ணித் தொலைங்க, லேட் ஆனா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார்.

சோதனைக்கு முன்னால் ஒரு ஒத்திகை பார்க்க வேண்டும். ஊழியர் வீட்டு ஆட்கள் சோதனைக்கு வரக்கூடாது, ஆனால் ஒத்திகைக்கு உட்காரலாம். அப்பாவைக் கேட்டேன். எல்லாருக்கும் முதலில் நாங்கள் படித்துக்காட்டுகிற வரியை அவருக்கும் படித்துக்காட்டினேன், இது உங்களுக்கு வைக்கிற பரீட்சை இல்லை, எங்கள் தளத்துக்கு வைக்கிற பரீட்சை என்று. அவர் சிரித்தார். "என்னை விட்டுடும்மா. தெரிஞ்ச விஷயத்தை எதுக்குத் திரும்ப டெஸ்ட் பண்ணணும்?" என்று எழுந்து போய்விட்டார். வேறு வழியில்லாமல் உன் அத்தானை உட்காரவைத்தேன். அவர் தன் அட்டையைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிற பிரகிருதி, மளமளவென்று முடித்துவிட்டு எழுந்துவிட்டார். ஒத்திகையில் ஒரு குறையும் தெரியவில்லை.

சோதனை அன்று முதலில் வந்தவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். தன்னார்வலர் என்ன செய்தாலும் நாங்கள் உதவி செய்யக்கூடாது, குறுக்கே பேசக்கூடாது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றால் நீ நம்பமாட்டாய், ஆனால் இருந்தேன். பாதி நிரப்பினார். ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு அட்டையைத் தேடி உள்ளே போனார். நான் அவருடைய திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் இருக்கிறது. இருக்கிறது. திடீரென்று எதுவும் இல்லை. ஒரு சத்தம் இல்லை, ஒரு அறிவிப்பு இல்லை, யாரும் தொடவும் இல்லை. பக்கம் துடைத்துவிட்டாற்போல முதலில் இருந்த மாதிரி ஆகிவிட்டது. ஐயோ என்று கத்தாத குறை. அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். பக்கத்தை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். பிறகு, "சாரி மேடம், நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை போல. நிரப்பினதா ஒரு நினைப்பு" என்றார்.

தம்பி, அது அப்பாவின் குரல் மாதிரியே எனக்குக் கேட்டது. ஆசிரியர் முகவரியைத் திரும்பவும் முதலிலிருந்து அடித்துக்கொண்டிருக்கிறார், நான் இங்கே நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முடிந்த பிறகுதான், தப்பு உங்கள் மேல் இல்லை சார், எங்கள் தளம்தான் அழித்துவிட்டது என்று சொல்ல முடிந்தது. நல்லவேளை மேடம், எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்தேன் என்றார்.

அடுத்து ரொட்டிக்கடைக்காரர். கடையில் யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுந்து போனார், வந்து பார்த்தால் காலி. அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அரசாங்கத்தின் ஏழு தலைமுறையையும் வரிசையாகத் திட்டினார். அதையும் அப்படியே குறித்துக்கொண்டேன். பிறகு ஒரு நர்ஸ், முப்பது வயதுகூட இருக்காது. அழுத குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தவள், "நைட் டியூட்டி பார்த்துப் பார்த்து மூளையே மழுங்கிடுச்சு" என்று தன் தலையிலேயே தட்டிக்கொண்டாள். எழுந்து போய்ச் சில நிமிடம் கழித்து வந்தவர் யாராக இருந்தாலும் அதே கதை. அந்த இடத்தை விட்டு அசையாதவர்களுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. நர்ஸ் அழைப்பைத் துண்டித்ததும் நான் மேசையில் தலையை வைத்து அழுதுவிட்டேன். பக்கத்து மேசைக்காரி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். சந்தோஷத்தில் அழுகிறேன் என்றேன், அவள் இன்னும் பயந்தாள்.

தளத்தைக் கட்டியவர்களைக் கூப்பிட்டுக் கேட்டோம். கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் வேறு யாரும் பார்த்துவிடாதபடி பாதுகாப்புக்காக அழித்துவிடுமாம். அழிக்கும் முன் எச்சரிக்கை காட்ட வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்ததாம். "அதை அப்புறமா போட்டுக்கலாம்னு விட்டுட்டோம் மேடம்" என்றார்கள். அப்புறமாம்! நான் என்ன சொன்னேன் என்பதைக் கடிதத்தில் எழுத முடியாது. 'அவசரம்' அறைக்கதவைச் சாத்தினார், ஆனால் என்னைத் தடுக்கவில்லை.

பதிவுகளை வெளியாட்களுக்குக் காட்டக்கூடாது. அதனால் யார் எவர் என்று சொல்லாமல் நடந்ததை மட்டும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். எழுந்து போன எல்லாருக்கும் அழிந்துவிட்டது அப்பா, எல்லாருமே தாங்கள் நிரப்பவில்லை என்றோ மறந்துவிட்டோம் என்றோ நினைத்தார்கள் என்றேன். பிசைந்த கை அப்படியே நின்றது. "அவங்களுக்கெல்லாம் என்ன வயசு?" என்று கேட்டார். முப்பதுக்குக் கீழேயும் இருந்தார்கள் என்றேன். "அப்ப நான் நிரப்பியிருக்கேன்" என்றார். ஆமாப்பா, ஒவ்வொரு தடவையும் நிரப்பியிருக்கிறீர்கள் என்றேன். கை கழுவ எழுந்து போனவர் வெகுநேரம் வரவில்லை, குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. உன் அத்தான் எழப் போனார், நான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். கண்ணெல்லாம் சிவந்து வந்து நின்றவர் என்னைப் பார்த்து, "ஏம்மா, உங்க ஆபீஸ்ல அத்தனை பேர் உக்காந்து என்னத்தைக் கிழிக்கிறீங்க?" என்று ஒரு சத்தம் போட்டார் பார்! பக்கத்து வீட்டில் ஜன்னலைத் திறந்தார்கள். அம்மா போன பிறகு இந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

தளத்தைச் சரிசெய்துவிட்டார்கள். இப்போது முன்கூட்டியே எச்சரிக்கிறது, எழுதியதையும் பத்திரமாக வைத்துக்கொள்கிறது. அப்பா தானே உட்கார்ந்து நிரப்பினார். பாதியில் வேண்டுமென்றே எழுந்து போய் டீ போட்டுக் குடித்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றி, வாசலில் பேப்பர் படித்துவிட்டு வந்து பார்த்தார். இருந்தது. உரிமம் வந்த அன்றே சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நீ விடமாட்டாய் என்று தெரியும், அதனால் நீ சொன்ன டாக்டரிடமும் காட்டினேன். கடிகாரம் வரையச் சொன்னார், சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, உங்கள் சுவர்க் கடிகாரம்தான் தாமதமாக ஓடுகிறது என்றார். இப்போதைக்கு நோய்க்கான அறிகுறி ஒன்றும் இல்லை, பயமும் தூக்கமின்மையும்தான், ஒரு வருடம் கழித்துத் திரும்ப வாருங்கள் என்று டாக்டர் சொன்னார். வயதாகிறது, நாளைக்கு என்ன என்று யாருக்குத் தெரியும்? ஆனால் இன்றைக்கு அவர் அவராகத்தான் இருக்கிறார். அந்த இல்லத்துக்கு ஃபோன் செய்து இடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. நீ வா, தாராளமாக வா, பெட்டி கட்டுவதற்காக வராதே.

இன்னொன்று, இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. போன வாரம் உன்னோடு பேசி முடித்துவிட்டு அப்பா ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். என்னப்பா என்றேன். "அவன் ஏன் என்கிட்ட இப்படி ஒவ்வொரு வார்த்தையா, மெதுவா பேசறான்? நான் எது சொன்னாலும் சரிப்பா சரிப்பாங்கறான்" என்றார். நீ பயத்தில்தான் அப்படிப் பேசினாய், எனக்குத் தெரியும். ஆனால் இனிமேல் வேண்டாம், தம்பி. மாத்திரை போட்டீர்களா, தூங்கினீர்களா என்று கேட்காதே. தேர்தலைப் பற்றிப் பேசு. உன் புது வண்டியைப் பற்றிப் பேசு, அவர் கண்டிப்பாக அதை மட்டம் தட்டுவார். அவர் சொன்னது தப்பென்றால் தப்பு என்று சொல். கத்தினால் நீயும் கத்து. ஃபோனை வைத்துவிட்டுத் திரும்ப எடுத்து மிச்சத்தையும் சொல். எல்லா நலமும் பெற்று நீ நன்றாக இருக்க வேண்டும். ஆனால் அவரிடம் மட்டும், பாவம் என்று விட்டுக்கொடுத்துவிடாதே.

உன் வாயாடி அக்கா