இரண்டாவது தாள்

கம்பம் அருகே,
18.2.1978

கர்த்தருக்குள் அன்பான சுகிர்தத்துக்கு ஞானசெல்வி எழுதுவது.

இங்கே நான் சுகம். நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும் என்று வழக்கம்போல எழுதவே வருகிறது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

வெள்ளத்தில் வீடு இழந்தவர்களுக்கான நஷ்டஈட்டு மனுக்களோடு மார்கழியில் ஜீப்பில் வந்தாயே, அப்போது மனுவோடு இரண்டாவதாக ஒரு தாளும் கொடுத்தாய். சாதி, மதம், பிறந்த ஊர், தாய் தகப்பன் விவரம். பெண்கள் பயந்தார்கள். எந்த ஜனம் எத்தனை பேர் மனுப் போட்டிருக்கிறார்கள் என்று சர்க்கார் எண்ணிப் பார்க்க மட்டும்தான், பெயர் வெளியே வராது என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் நின்று சொன்னாய். விடுதியில் மூன்று வருஷம் என் பக்கத்துப் பாயில் படுத்தவள் சொல்கிறாள் என்று நானும் அவர்களுக்கு உறுதி சொன்னேன்.

நீ போன மறுநாள் இருளம்மாள் தனியாக வந்தாள். மலைச்சாமியின் மனைவி. இருபது வருஷத்துக்கு முன் அவர் எஸ்டேட்டில் வேலை பார்த்தபோது கட்டிக்கொண்டு வந்தவள். தங்கள் சாதிப் பெண் என்றே அவர் வீட்டார் நினைத்திருந்தார்கள். "டீச்சரம்மா, மெய்யைத்தான் எழுதணுமா? மாத்திச் சொன்னா வீடு கெடைக்காதா?" என்று கேட்டாள். உண்மையைச் சொல், யாரும் பார்க்க மாட்டார்கள் என்றேன். கதவைச் சாத்திவிட்டு, தன் தகப்பன் என்ன சாதி என்று மெல்லச் சொன்னாள். என் கையாலேயே எழுதினேன்.

போன மாதக் கடைசியில் பட்டியலை ஊர்ச் சாவடிச் சுவரில் ஒட்டினார்கள். புருஷன் பெயர், பெண்சாதி பெயர், அவரவர் சாதி. கீழே உன் கையெழுத்து.

இருளம்மாளின் மகள் கருத்தம்மாளுக்கு இந்த மாசியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் அன்றைக்கே பேச்சை முறித்துக்கொண்டார்கள். பிறகு ஊர் கூடி மலைச்சாமியைக் கேட்டது. கட்டும்போதே எல்லாம் தெரிந்தவர் அவர். மறைக்கச் சொன்னதும் அவரே என்று இருளம்மாள் என்னிடம் சொல்லியிருந்தாள். அவரோ தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குத் தெரியாதுய்யா. என்னைய ஏமாத்திப்புட்டா" என்றார்.

மறுநாள் காலையில் இருளம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு எஸ்டேட் ஜீப் ஏறக் கம்பத்துக்குக் கிளம்பினாள். போகிற வழியில் பள்ளிக்கூட வாசலில் நின்றாள். நான்தான் அழுதேன். "உங்களைக் குத்தம் சொல்லல டீச்சரம்மா. நீங்க கேட்டீக, நான் சொன்னேன்" என்றாள். வைதிருந்தால் தாங்கியிருப்பேன்.

புது வீடு மலைச்சாமி பெயருக்கு உத்தரவாகிவிட்டது.

பட்டியலைப் பற்றிக் கேட்டு நான் போட்ட கார்டுக்கு உன் பதில் நேற்று வந்தது. மேலதிகாரி கேட்டார், கொடுத்தேன், இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை என்று நாலு வரி. அதன் கீழே உன் பிள்ளைக்குப் பல் முளைத்த கதை ஒரு பக்கம். படித்தேன் சுகிர்தம், முழுக்கப் படித்தேன்.

ஈஸ்டருக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். வராதே என்று சொல்ல என்னால் முடியவில்லை. இருளம்மாள் குமுளிக்கு மேலே எஸ்டேட் கூலிக்காரர் லயத்தில், அக்காள் வீட்டில் இருக்கிறாளாம். முதலில் அங்கே போ. அவள் உட்காரச் சொன்னால் உட்கார். அதற்குப் பிறகு என் வீட்டுக்கு வா.

கர்த்தர் நம் இருவரையும் மன்னிப்பாராக.

ஞானசெல்வி