சொல்லாமல் கிளம்புகிறவள்

நேற்றுச் சாயங்காலம் என் மகள் போனில் ஒரு படக்கதையைக் காட்டினாள். வாரம் ஒரு பகுதியாக வருகிற வெப்காமிக்காம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இரண்டு பேர். ஒருத்தி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள். இன்னொருத்தி பையை மாட்டிக்கொண்டு கதவருகே நின்று, "நாளைக்கு வரேன்" என்கிறாள்.

"இந்தப் பிள்ளை செத்துரும்" என்றேன்.

"ஒனக்கு எதுலயும் நல்லதே தோணாதாம்மா?" என்று போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் குளிக்கப் போன சமயம் பார்த்து, அதை வரைந்தது யார் என்று தேடினேன். பள்ளிக்கூடத்து நாளிலிருந்து என் சிநேகிதியான உன் கதையை யாரோ கிளப்பிக்கொண்டு போய்விட்டார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஏதோ வெளிநாட்டுப் பெயர் போட்டிருந்தது. அதையும் நான் முழுதாக நம்பவில்லை.

எங்கள் வீட்டில் சந்தேகம் பரம்பரைச் சொத்து என்பது உனக்குத்தான் தெரியுமே. அப்பா ஒட்டிய கவரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் பிரிக்க மாட்டார். அம்மா பால்காரரிடம் பேச்சுக் கொடுத்தபடியே பாலில் விரலை விட்டுப் பார்ப்பாள். பத்தாம் வகுப்பில் மஞ்சள்காமாலை வந்து நான் படுத்தபோது, அந்தச் சொத்தில் என் பங்கும் கைக்கு வந்து சேர்ந்தது.

அந்த வருடம்தான் நீ ஆறு கடலில் சேருகிற புன்னக்காயலிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்து, சித்தி வீட்டில் தங்கி எங்கள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாய். என் பெஞ்சில் உட்கார்ந்தாய். அம்மா இல்லாத பிள்ளை என்பதைத் தவிர உன்னைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

அடுத்த தெருவில் ஒருத்தி காமாலை முற்றி இறந்து அதிக நாள் ஆகவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அவள் பெயரை எடுக்கவே இல்லை. நானும் செத்துவிடுவேன் என்று நம்ப எனக்கு அது போதுமானதாக இருந்தது. அம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பாள். எண்ணெய் கிடையாது, புளி கிடையாது, கஞ்சியில் உப்புக்கூடக் கிடையாது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "நல்லாயிருவ" என்றார்கள். நல்லாகிவிடுகிற பிள்ளையிடம் எதற்கு இத்தனை பேர் வந்து அதைச் சொல்ல வேண்டும்? கண்ணாடியில் கண்ணைப் பார்ப்பேன். மஞ்சளாக இருந்தால் பயம். கொஞ்சம் வெளுத்தால், கண்ணாடி பழசு என்று நினைப்பேன்.

நீ மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வருவாய். அம்மா உன் பையை வாசலிலேயே முகர்ந்து பார்ப்பாள்.

"ஏளா, மீன்கீன் ஒண்ணும் கொண்டாரலையே?"

"புஸ்தகம்தான் அத்தை."

"புஸ்தகத்துலயா இந்த வாடை அடிக்கி?"

நீ சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, முனைக்கடை அண்ணாச்சி கிழித்துக் கொடுத்த தினசரி காலண்டர் தாளை நீட்டுவாய். அதன் பின்பக்கத்தில் உன் படக்கதை இருக்கும். கறுப்பு மையால் நாலைந்து கட்டங்கள். ஊரில் ஒருத்தி மஞ்சளாகிப் படுத்திருக்கிறாள். அவளுடைய தோழி ஒரு மூட்டையோடு புன்னக்காயலில் வள்ளம் ஏறி, ஆற்றை எதிர்த்துத் துடுப்புப் போட்டு வருகிறாள். நாளுக்கு ஒரு தாள். எந்தத் தாளிலும் கதை முடியாது. துடுப்பைத் தூக்கின கை தூக்கினபடியே நிற்கும்.

அப்பா அதையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என்னட்டி இது, படம் பூரா தண்ணியா கெடக்கு?" என்றார். ஆறு என்றேன். நம்பினாரோ என்னவோ, மறுநாளும் வாங்கிப் பார்த்தார்.

நான் பார்த்தது வேறு. ஒரு நாள் தாளைத் திருப்பினால், தேதிக்குக் கீழே 'மரண யோகம்' என்று அச்சடித்திருந்தது. எல்லா வீட்டுக் காலண்டரிலும் அன்றைக்கு அதுதான் இருந்திருக்கும். அது எனக்குத் தோன்றினால்தானே. வேண்டுமென்றே இந்தத் தாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள், எனக்கு ஏதோ சொல்லப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். உனக்கு யோகமும் தெரியாது, ராகுகாலமும் தெரியாது என்பதை யோசிக்கவில்லை. அந்த மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டாய். சவத்துக்குப் போடுகிற கோடித் துணிதான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பாதி வழியில், ஸ்ரீவைகுண்டம் அணைக்கு வந்ததும் வள்ளம் நின்றே போயிற்று. தாள் தாளாக அதே அணை, அதே கொக்கு. இவள் வந்து சேர்வதற்குள் நான் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று இவளுக்கே தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன்.

எல்லாவற்றையும்விட ஒன்றுதான் என்னைப் பிடித்து ஆட்டியது. நீ சொல்லாமல் போவாய். பேசிக்கொண்டே இருப்பாய், அம்மா விளக்குப் போட வரும்போது எழுந்து பையை எடுப்பாய், திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிவிடுவாய். ஒரு நாள்கூட "வாரேன்" என்று சொன்னதில்லை. நம் பக்கத்தில் சாவு வீட்டிலிருந்துதான் அப்படிச் சொல்லாமல் கிளம்புவார்கள். உயிரோடு இருக்கிற என் வீட்டிலிருந்து நீ தினமும் அப்படித்தான் கிளம்பினாய். தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதிருக்கிறேன். உன்மேல் அப்படி ஒரு ஆத்திரம்.

ஒரு நாள் டாக்டர் என் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, நாளையிலிருந்து உப்புச் சேர்க்கலாம் என்றார். மறுநாள் நீ கொண்டுவந்த தாளில் வள்ளம் எங்கள் ஊர்க் கொக்கிரகுளம் படித்துறைக்கு வந்துவிட்டது. தோழி மூட்டையை அவிழ்க்கிறாள். உள்ளே உப்பு. உங்கள் ஊர் உப்பளத்துக் கல்லுப்பு. அம்மா கஞ்சியில் அன்றுதான் முதல்முதலாக உப்புப் போட்டுக் கொண்டுவந்தாள். நான் கஞ்சியைப் பார்த்தேன், தாளைப் பார்த்தேன், உங்கள் இரண்டு பேரையும் பார்த்தேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அத்தைகிட்ட தெனமும் கேட்டுக்கிடுவேன். உப்பு போடலாம்னு சொல்லுத வரைக்கும் அணையிலயே கெடக்கட்டும்னு விட்டுட்டேன்" என்றாய்.

அதற்குப் பிறகும் எனக்கு ஆறவில்லை. தலைக்குத் தண்ணீர் விட்டு, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, அதே படித்துறையில் வைத்துக் கேட்டேன். "ஏட்டி, நான் செத்துருவேன்னு நெனச்சுத்தான சொல்லாமப் போன?"

நீ தண்ணீருக்குள் காலை ஆட்டிக்கொண்டே இருந்தாய். பிறகு பையச் சொன்னாய். "எங்கம்மாவப் பெரியாஸ்பத்திரில வச்சிருந்தாங்க. நாளைக்கு வாரேம்மான்னு சொல்லிட்டு வந்தேன். நாளைக்குப் போனா, கட்டில்ல வேற யாரோ படுத்திருந்தாங்க. அதுல இருந்து நான் யார்கிட்டயும் சொல்லுதது இல்ல." காலை வெளியே எடுத்துக்கொண்டு, "அதான் வாரேன்னு சொல்லாம, கதைய முடிக்காம வச்சுட்டுப் போனேன்" என்றாய்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடம். நீ ஓவிய டீச்சர் ஆனாய், நான் ஆபீசுக்குப் போனேன். நீ கடைசிவரை சொல்லாமல்தான் கிளம்பினாய். போனைக்கூடப் பேச்சின் நடுவில்தான் வைப்பாய். உன்னிடம் மட்டும் நானும் சொல்வதில்லை என்று ஆகிவிட்டது.

போன வருடம் நீ தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் வழக்கம்போல எழுந்து பையை எடுத்தேன். கதவுவரை போய்விட்டேன்.

"ஏட்டி, சொல்லிட்டுப் போ" என்றாய்.

"எதுக்கு?" என்று திரும்பினேன்.

"சும்ம சொல்லு."

"நாளைக்கு வாரேன்" என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். விடியற்காலையில் உன் தம்பி போன் செய்தான்.

உன்மேல் எனக்கு ஒரு வருடமாகக் கோபம். தெரிந்துதான் கேட்டிருக்கிறாய், உன் தலையில் இருந்த பாரத்தை என் தலைக்கு மாற்றிவிட்டுப் போயிருக்கிறாய் என்று. அன்றிலிருந்து நானும் எந்த வீட்டிலிருந்தும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. என் வீட்டிலிருந்தும்தான்.

இன்று காலையில் மகள் மறுபடியும் போனைக் கொண்டுவந்தாள். "அந்தப் பிள்ளை சாகலம்மா. நீ கடைசிப் படத்தைப் பாக்கவே இல்ல, பாரு."

பார்த்தேன். நேற்று நான் கதவருகே நிற்கிறவளை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அதற்கு அடுத்த கட்டத்தில் கட்டிலில் கிடக்கிறவள் இருக்கிறாள். "நாளைக்கு வரேன்" என்பதைக் கேட்டுவிட்டு, சிரித்த முகத்தோடு தூங்குகிறாள்.

உன் அம்மாவும் அதைக் கேட்டுவிட்டுத்தானே தூங்கியிருப்பாள். நீயும் நானும் இத்தனை வருடம் கதவருகே நின்றவளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். கட்டிலில் கிடந்து கேட்கிறவளுக்கு அது எப்படி இருக்கும் என்று, படுத்த பிறகு உனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வார்த்தையைத்தான் என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டாய். இப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருக்கிறது என்பதால் இதையும் கொஞ்சம் சந்தேகப்படுகிறேன். ஆனாலும் நீ கண்ணை மூடினபோது உன் முகம் எப்படி இருந்தது என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஆபீசுக்குக் கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே பார்த்து, "வாரேன்" என்றேன்.

மகள் போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "எங்க போற?"

"ஆபீசுக்குத்தான்."

அவள் நம்பவில்லை. எழுந்து வாசலுக்கு வந்து, நான் தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள்.